மழைக்கோட்டுக்கு அளவெடுத்த துப்பாக்கி

டெவ்லின் துறை என்ற தீவுத் துறைமுக ஊரில் மாதத்துக்கு நாலு நாள் வெயில் அடித்தால் அது பெரிய அதிர்ஷ்டம். 1984 மார்ச்சில் அப்படி ஒரு வெயில் நாள். ஊரே வெறும் சட்டையோடு தெருவில் திரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து சிக்னி டோர்விக் தலையிலிருந்து முழங்கால்வரை மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முதுகில் கனத்த பையையும் கட்டிக்கொண்டு ஓட்டிஸின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாள்.

கடையில் அடுப்பைச் சுற்றி மூன்று பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் வேலை. அவளைப் பார்த்ததும் மூவரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்கள்.

"என்ன சிக்னி, படகு கிடகு கவுந்துடுச்சா?" என்றார் ஓட்டிஸ்.

"துப்பாக்கி வாங்க வந்திருக்கேன்."

"அதுக்கு எதுக்கும்மா இந்த வேஷம்?"

"இந்த வேஷத்துலதான் நான் வேலை பாக்கறேன். சட்டை தைக்கக் குடுக்கறவ உடம்பை வீட்டுல வெச்சுட்டா வருவா?"

சிக்னிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அந்த ஒரு அங்குலத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பதினாறு வயதில் மீன் டப்பா அடைக்கும் ஆலையில் கத்தியைப் பிடித்தவள், முப்பதுவரை அங்கேயே நின்று சால்மன் குடலை வழித்தாள். எத்தனை முறை தலை குளித்தாலும் வாசம் போகாது. கல்யாணம் செய்துகொண்டவன் சியாட்டிலுக்கு வேலை தேடிப் போனான். முதல் வருடம் நாலு கடிதம், இரண்டாம் வருடம் ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அவன் விட்டுப்போன சின்னப் படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்தாள். ஊரார் 'மீன் ஆபீஸ்' என்று சொல்லும் அரசு அலுவலகத்தில் போய் வேலை கேட்டாள்.

வேலை இதுதான். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை தீவின் ஓடைகளில் இறங்கி நடந்து, முட்டையிட ஏறிவரும் சால்மனை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். உள்ளங்கையில் ஒரு கிளிக்கர் இருக்கும். மீனைக் கண்டால் கட்டைவிரல் ஒரு அமுக்கு, எண் ஒன்று ஏறும். மீன் இருக்கும் இடத்தில் கரடி இருக்கும்; அதனால் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். ஒருத்தர் தலையைக் குனிந்து எண்ணுவார், இன்னொருத்தர் தலையை நிமிர்த்தித் துப்பாக்கியோடு வருவார். பெண்கள் எண்ணுவார்கள், ஆண்கள் துப்பாக்கி தூக்குவார்கள். இப்படி எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத சட்டத்தைத்தானே எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் சிக்னியோடு துப்பாக்கி தூக்கி வந்தவன் மெர்ல் டகெட். ஆறடி இரண்டு அங்குலம். பேச்சு அதைவிட உயரம். ஆகஸ்டில் ஒரு நாள், பேரி ஓடையின் வளைவில், சிக்னி நானூற்றுப் பன்னிரண்டாவது மீனை எண்ணிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு கரடி நின்றது. திரும்பிப் பார்த்தாள். மெர்லைக் காணோம். கொஞ்சம் மேலே பார்த்தாள். ஸ்ப்ரூஸ் மரத்தில் பன்னிரண்டு அடி உயரத்தில் மெர்லின் பூட்ஸ் தெரிந்தது. துப்பாக்கியும் அவனோடு மரத்தில்தான் இருந்தது.

அவள் கையை உயர்த்தி, குரல் நடுங்காமல், கரடியிடம் பேசிக்கொண்டே நின்றாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கரடி பத்தடி தூரம்வரை வந்தது, மூச்சை ஒரு தரம் சீறி விட்டது, காலடியில் துள்ளிய ஒரு மீனைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. அதன் பிறகுதான் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் அதுபாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. கிளிக்கரில் நானூற்று முப்பத்தொன்று. நோட்டை எடுத்து நேர்மையாக எழுதினாள்: "கூடுதல் பத்தொன்பது. மீன் அல்ல."

அவர்களை ஏற்றிக்கொள்ள வந்த படகில் சிக்னி பூட்ஸைக் கழற்றி முடிப்பதற்குள் மெர்ல் ரேடியோவில் கதையைச் சொல்லிவிட்டான். கரடி பாய்ந்ததாம், இவன் முன்னால் போய் நின்றானாம், வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டினானாம். டெவ்லின் துறையில் கதையை முதலில் சொல்கிறவனுக்குத்தான் கதை சொந்தம். இரண்டாவதாகச் சொல்வது புலம்பல் என்று பெயர் வாங்கும், அதுவும் சொல்கிறவள் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு குளிர்காலமாக மெர்ல் அந்தக் கதைக்கு மது விடுதியில் இலவசமாகக் குடித்தான். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவர்கள் உண்டு. இவன் விழாமல் மேலே ஏறியவன், ஒட்ட மண்ணே கிடையாது. சிக்னி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் வேறு துணையோடு சமாளித்தாள். இந்தப் பிப்ரவரியில் யார் எந்த ஓடைக்கு என்ற பட்டியலை ஒட்டியபோது மறுபடியும் பேரி ஓடை, மறுபடியும் மெர்ல். நேராக மேலதிகாரி ஹோபார்ட்டின் அறைக்குப் போனாள்.

"எனக்கு வேற ஆள் குடுங்க, ஹோபார்ட்."

"ஏன்? உன் உயிரைக் காப்பாத்தினவன்மா அவன்."

சிக்னி அவர் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். பிறகு, "அப்போ என் துப்பாக்கியை நானே தூக்கிக்கறேன்" என்றாள்.

ஹோபார்ட் கெட்டவர் அல்ல. சிரிப்பை அடக்கத்தான் பார்த்தார். "தாராளமா. மே மாசம் சுடற பரீட்சை இருக்கு. பாஸ் பண்ணு, தூக்கு. இல்லேன்னா மெர்லோட போ. அதுவும் வேணாம்னா ஆலையில கத்தி சும்மாதான் கெடக்கு. சரி, நீ தூக்கினா உனக்கு எண்ணறது யாரு?"

"பெயில் ஆனவன் எண்ணட்டும்."

"பேச்சுதான்" என்று அவர் பேனாவை எடுத்தார். அவள் கதவைச் சாத்திய வேகத்தில் அதில் ஒட்டியிருந்த பட்டியலின் ஒரு முனை பிய்ந்து தொங்கியது.

ஆபீஸ் பெட்டியில் பொதுத் துப்பாக்கிகள் இருந்தன. எல்லாம் யானையைச் சுடுகிற ரகம், எல்லாம் ஆறடி ஆளின் கைக்கு. சொந்தத் துப்பாக்கி கொண்டுவரவும் விதியில் இடம் இருந்தது. அதனால்தான் அவள் வெயில் நாளில் மழைக்கோட்டோடு ஓட்டிஸ் கடைக்கு வந்தது.

ஓட்டிஸ் முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து முத்துச்சிப்பிப் பிடி போட்ட ஒரு கைத்துப்பாக்கியை எடுத்தார். "இது பாரு கண்ணு, லேசா இருக்கும். பர்ஸுக்குள்ளயே வெச்சுக்கலாம்."

"கரடி என் பர்ஸைப் பிடுங்க வரல, ஓட்டிஸ்."

அடுப்பருகே ஒருவர் காப்பியைச் சிந்திக்கொண்டார். இன்னொருவர் தன் இடுப்பிலிருந்த முரட்டு ரிவால்வரை நீட்டினார். "இந்தா, இதை எடுத்துக்க. கரடி மேல ஒரு குண்டு பட்டாப் போதும்."

கடைக்குப் பின்னால் மண்மேடு ஒன்று உண்டு. சிக்னி அங்கே போய் ஆறு குண்டு சுட்டாள். காகிதத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது, அதுவும் ஓரத்தில். மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்து, "ஒரு குண்டு போதும்னு சொன்னீங்க. ஆறுல அது எதுன்னு சொல்லலையே" என்றாள்.

பிறகு பெரியது வந்தது, ஆபீஸில் இருக்கும் அதே ரகம். மேலே தொலைநோக்கி வேறு. பத்தடியில் வைத்த பெட்டியை அதன் வழியாகப் பார்த்தால் பழுப்பு நிறம் மட்டும் தெரிந்தது, எது எங்கே என்று புரியவில்லை. சுட்டபோது தோளில் கழுதை உதைத்தது. இரண்டாவது குண்டுக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. பயத்தைச் சுமந்துகொண்டு சுடுவதற்குக் கல்லை எறியலாம் என்று நினைத்து அதையும் வைத்துவிட்டாள்.

மூலையில் நடுத்தர ரகம் ஒன்று சாய்ந்திருந்தது. தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்பார்கள், மான் வேட்டைக்கு அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. கனமான தோட்டா போட்டால் கரடிக்கும் போதும் என்று விதியிலேயே இருந்தது. ஆனால் அதைக் கரடிக்கென்று தூக்குவது ஆண்களுக்குக் கௌரவக் குறைச்சல். தொலைநோக்கி இல்லை, வெறும் குறிமுள்தான். சிக்னி எடுத்தாள்.

"கோட்டைக் கழட்டு, அளவு பாப்போம்" என்றார் ஓட்டிஸ். அந்த ஊரில் அளவு பார்க்கிற முறை ஒன்றுதான்: பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்துக் கையை நீட்ட வேண்டும், விரல் விசையைத் தொட்டால் சரி. அப்பன் அப்படிப் பார்த்தான், அவன் அப்பனும் அப்படியே பார்த்தான்.

"கழட்ட மாட்டேன்" என்றாள். தோளில் தொங்கவிட்டுக்கொண்டாள், ஒரே இழுப்பில் கன்னத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். பின்கட்டை அக்குளில் மழைக்கோட்டு மடிப்பில் மாட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு தரம் இழுத்தாள், இப்போது பையின் வாரில் மாட்டியது. மூவரும் சிரித்தார்கள்.

சிக்னியும் சிரித்தாள். "ஓட்டிஸ், ரம்பம் இருக்கா?"

"எதுக்கு?"

"இதுல ஒன்றரை அங்குலம் எனக்கு வேணாம்."

ஓட்டிஸின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையின் காலை வெட்டக் கேட்டதுபோல் நெஞ்சில் கை வைத்தார். "வால்நட் கட்டைம்மா அது! அறுத்தா அப்புறம் எவன் வாங்குவான்?"

"நான் வாங்கியாச்சே."

அவரே அறுக்க மாட்டேன் என்றார். ரம்பத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அவள் கட்டையை மேசையில் அழுத்திப் பிடித்து, மழைக்கோட்டுக்குள் வியர்த்து ஒழுக, தானே அறுத்தாள். பழைய பூட்ஸின் ரப்பர் அடியை வெட்டி முனையில் திருகிக்கொண்டாள். மறுபடி தோளில் மாட்டி இழுத்தாள். துப்பாக்கி எங்கும் மாட்டாமல் நேராக வந்து கன்னத்தில் நின்றது. அறுந்த துண்டு தரையில் கிடந்தது. அதை எடுத்துக் காப்பி குடித்தவர்களின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஊரில் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'சிக்னியின் துண்டு'. தெருவில் மெர்ல் எதிரே வந்தான். "என்ன சின்னப் பொண்ணு, கரடிக்குக் காட்டப் பொம்மைத் துப்பாக்கி வாங்கினியாமே? கவலைப்படாத, நான் கூட இருக்கேன்ல."

"அதான் கவலை" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஏப்ரல் முழுக்க அவள் சமையலறையில் காலை காப்பி கொதிப்பதற்குள் ஐம்பது தரம் காலித் துப்பாக்கியைத் தோளிலிருந்து கன்னத்துக்கு இழுத்தாள். மழைக்கோட்டோடு, பையோடு. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். சாயங்காலம் கற்குழியில் வில்லிஸோடு பயிற்சி. வில்லிஸ் அந்தக் கரையின் பூர்வகுடியான டிலிங்கிட் இனத்தவன், அவளுடைய வயதுக்காரன், முன்பு மீன்பிடிப் படகில் இருந்தவன், ஆபீஸில் துப்பாக்கி தூக்குபவர்களில் அதிகம் பேசாதவன். அவள் பார்க்காதபோது நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகி வைப்பான். விசையை அழுத்துவாள், வெடிக்காது, ஆனால் குழல் பொசுக்கென்று கீழே இறங்கும்.

"பாத்தியா, வெடிக்கறதுக்கு முன்னாடியே நீ பயந்துடற" என்பான் வில்லிஸ்.

"திட்டாத. இன்னொண்ணு போடு."

தோள் நீலம் பாரித்தது. சில நாள் ஒரே கையால்தான் ரொட்டி மாவு பிசைந்தாள். ஒரு சாயங்காலம் எட்டுக் குண்டும் எங்கெங்கோ போயின. ஆலைக் கத்தியின் வாடை மூக்கில் ஏறியது. காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வில்லிஸ் ஆறுதல் எதுவும் சொல்லாமல் தெர்மாஸைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தான். குடித்தாள், எழுந்தாள், சுட்டாள். ஏப்ரல் கடைசியில் வெற்றுத் தோட்டாவுக்குக் குழல் அசையவில்லை.

பரீட்சை மே பதினாறு என்று பெயருக்கு ஒரு தேதி இருக்கும். உண்மையில் ஹோபார்ட் விமானத் திடலுக்குப் போன் போட்டு, வெயில் என்றைக்கு என்று கேட்டுத்தான் நடத்துவார். வெயிலில், வெறும் சட்டையில், பீர் பெட்டியோடு ஆண்டுக்கொரு திருவிழா மாதிரி அது நடக்கும். எல்லோரும் பாஸாவார்கள். பதினோரு வருடமாக ஒருவர்கூடப் பெயில் ஆனதில்லை. மழைக்காட்டில் வேலை பார்க்கிற ஊர், வெயிலில் பரீட்சை வைக்கிறது. யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை.

பதினாறாம் தேதி மழை கொட்டியது. கற்குழியில் கூடிய ஒன்பது பேரிடம், "இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் ஹோபார்ட்.

சிக்னி விதித் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "இதுல வெயில்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

"எழுதலதான். எப்பவும் அப்படித்தானே."

"கரடி விமானத் திடலுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டா வருது? சரி, மழைக்குப் பயமா இருக்கறவங்க வீட்டுக்குப் போகட்டும். நான் சுட்டுட்டுப் போறேன்."

"நானும் இன்னிக்கே சுடறேன்" என்றான் வில்லிஸ்.

மழைக்குப் பயம் என்ற வார்த்தை விழுந்த பிறகு எந்த ஆண் வீட்டுக்குப் போவான்? ஹோபார்ட் தலையைச் சொறிந்துவிட்டு லாரியை எடுக்கச் சொன்னார்.

பரீட்சை இப்படி: கரடி வடிவில் வெட்டிய பலகையைச் சறுக்குக் கட்டையில் நிறுத்தி, கயிற்றைக் கப்பியில் கொடுத்து லாரியில் கட்டி இழுப்பார்கள். முப்பது அடியிலிருந்து அது ஆளை நோக்கிப் பாய்ந்து வரும். துப்பாக்கி தோளில் தொங்க வேண்டும். விசில் ஊதியதும் எடுத்து மூன்று குண்டு சுட வேண்டும், அதில் குறைந்தது இரண்டு மார்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். முதலில் மெர்ல் முன்னால் வந்தான். வந்ததும் மழைக்கோட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

"எதுக்குக் கழட்டற?" என்றாள் சிக்னி.

"சுடறதுக்குத்தான்."

"கரடி வரப்போ கோட்டைக் கழட்டி மரத்துல மாட்டிட்டா சுடுவ?"

மரம் என்ற சொல்லுக்கு மெர்லின் காது சிவந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். "அதுவும் சரிதான், மெர்ல். போட்டுக்க" என்றார் ஹோபார்ட்.

விசில் ஊதியது. மெர்ல் இழுத்தான். ஆறடி ஆளின் நீளக் கட்டை அக்குளில் மாட்டிக்கொண்டது. உதறினான். கோட்டின் தொப்பி கண்ணை மறைத்தது. அவன் முதல் குண்டைச் சுடும்போது பலகைக் கரடி அவன் முழங்காலில் இடித்துக்கொண்டு நின்றிருந்தது. தொலைநோக்கிக் கண்ணாடியில் மழைத் துளி. குண்டு மேகத்துக்குப் போனது. "கோட்டு புதுசு, அதான்" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்தவனுக்குக் கோட்டு பழசு, அவனுக்கும் மாட்டியது. மூன்றாமவன் தோட்டாவையே சேற்றில் போட்டான். ஒன்பதில் ஐந்து பேர் தேறவில்லை. வில்லிஸ் தேறினான், படகில் மழையோடு சுட்டுப் பழகியவன். மற்ற இருவர் எப்படியோ தப்பினார்கள்.

கடைசியாக சிக்னி நின்றாள். விசில் வந்தபோது கை தானாகப் போயிற்று, ஏப்ரல் காலைகளில் ஆயிரத்தைந்நூறு தரம் இழுத்த பழக்கம். பின்கட்டை எதிலும் மாட்டாமல் தோளில் வந்து உட்கார்ந்தது. முதல் குண்டு. அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். இரண்டாவது. மூன்றாவது. பலகை பத்தடிக்கு அப்பாலேயே நின்றது; லாரிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு பிரேக்கை மிதித்துவிட்டான். வட்டத்துக்குள் மூன்று ஓட்டை இருந்தன. ஹோபார்ட் தன் கையால் தடவிப் பார்த்தார்.

"சரி. பேரி ஓடைக்குத் துப்பாக்கி நீதான்" என்றார். பிறகு தாளைப் பார்த்தார். மழையில் மை பரவிக்கொண்டிருந்தது. "எண்ண ஆள் வேணுமே."

"பிப்ரவரியிலேயே சொல்லிட்டேன். பெயில் ஆனவன் எண்ணட்டும். பட்டியல்ல அந்த ஓடைக்கு மெர்ல் பேருதானே இருக்கு? மாத்த வேணாம்."

எல்லோரும் மெர்லைப் பார்த்தார்கள். "நானா? எண்ணறதா?" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

சிக்னி கோட்டுப் பைக்குள் கைவிட்டுக் கிளிக்கரை எடுத்து, பூஜ்யத்துக்குத் திருப்பி, அவனுடைய ஈரமான உள்ளங்கையில் வைத்தாள்.

"தலையைக் குனிஞ்சு மீனை மட்டும் எண்ணு, மெர்ல். கரடி வந்தாப் பயத்துல கட்டைவிரல் அதுபாட்டுக்கு அமுக்கும். எனக்குப் பத்தொன்பது தரம் அமுக்கிச்சு, நீ மேலேருந்து பாத்துட்டுதானே இருந்த? அதையும் நோட்டுல எழுதிடு, தப்பில்ல. நான் உன் பின்னாடியே தரையில நிப்பேன். எனக்கு மரம் ஏறத் தெரியாது."

வில்லிஸ்தான் முதலில் சிரித்தான், பிறகு லாரிக்காரன், பிறகு ஒவ்வொருவராக. ஹோபார்ட் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அந்த நோட்டு அவர் அலமாரியில்தான் இருந்தது. 'மீன் அல்ல' என்ற வரியைப் பார்த்துப் பெண்பிள்ளைக் கிறுக்கு என்று பக்கத்தைத் திருப்பியவர் அவர். இப்போது அவர் மெர்லைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழையில் நின்றார்.

சிக்னி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. குட்டைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.